பின்னிருக்கைக்கு ஒரு பெயர்

பயம் என்பதையே அறியாத குதிரை ஒன்றை ஓர் அரசன் வைத்திருந்தான். அது நெருப்பைக் கண்டு நிற்கவில்லை. வெள்ளத்தைக் கண்டு தயங்கவில்லை. ஒருநாள் மலைச்சரிவைக் கண்டும் நிற்கவில்லை. அரசன் ஒரு மரக்கிளையைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினான், குதிரை தப்பவில்லை. அதே இனத்தில் அவன் இன்னொரு குதிரையை வாங்கியபோது, அமைச்சர் சேணத்தின் பின்புறம் ஒரு கூடையைக் கட்டி அதற்குள் ஒரு முயலை வைத்தார். பள்ளம் எதிர்ப்பட்டால் முயல் நடுங்கும். அந்த நடுக்கம் குதிரையின் முதுகுக்குத் தெரியும். குதிரை நின்றுவிடும். அதன்பின் அரசன் நெடுங்காலம் ஆண்டான்.

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு டாக்டர் நவநீதன் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். எதிரே, கோரைமுனை வான்தளத்தின் கூடத்தில், பல ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தென்கடல் வான்காவல் படையில் சேர விரும்புகிறவர்களை ஒருநாள் வரவழைத்து, பின்னிருக்கையில் ஒருமுறை ஏற்றிக் காட்டி, அதன்பிறகே முடிவெடுக்கச் சொல்வது அந்தத் தளத்தின் வழக்கம்.

"அந்த முயல்தான் நீங்க," என்றார் டாக்டர்.

சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த, நல்ல தோள்கள் கொண்ட ஓர் இளைஞன் எழுந்தான். "சார், எனக்குப் பயமே கிடையாது சார். காலேஜ்ல பாராசூட்ல குதிச்சிருக்கேன்."

"அப்படியா தம்பி? கேன்டீன்ல சொல்லி வைக்கிறேன். நல்லாச் சாப்பிட்டுட்டு மத்தியான பஸ்ல ஊருக்குக் கிளம்பிடுங்க."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அந்த இளைஞன் அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தபடியே உட்கார்ந்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

ஒருகாலத்தில் வானில் விமானிகள் இருந்தார்கள். பிறகு சாரதி வந்தது. சாரதி என்பது விமானத்தைத் தானே செலுத்தும் அறிவுப்பொறி. அது மனிதனைவிட விரைவாகக் கணக்கிட்டது, களைப்படையவில்லை, கண்ணயரவில்லை. ஆனால் இழப்பதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. எல்லையைக் காத்துவிட்டு வா என்றால் காத்தது. காக்கப்பட்ட இடத்தில் யார் மிஞ்சினார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை; கொடுத்த கட்டளையைத்தான் அது செய்தது. தயக்கத்தை விதியாக எழுதி அதற்குள் வைத்துப் பார்த்தார்கள். எழுதிவைத்த தயக்கத்தை அது இன்னொரு கணக்காக எடுத்துக்கொண்டு நொடியில் தீர்த்துவிட்டது. தரையிலிருந்து கட்டளையிடலாம் என்றால், கட்டளை போய்ச் சேருமுன் கடலில் நடப்பது நடந்து முடிந்துவிடும். கடைசியில், விமானத்தின் பின்னிருக்கையில் ஒரு மனிதரை உட்காரவைத்து, அவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அவருடைய அச்சத்தைச் சாரதிக்குக் கொடுத்தார்கள். அச்சம் ஏறினால் சாரதி தயங்கியது. மேலும் ஏறினால் விலகியது. ஆயுதம் ஏந்திய எந்த விமானமும் மனித அச்சமின்றிப் பறக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பின்னிருக்கையில் பிடியும் இல்லை, பொத்தானும் இல்லை. அங்கே உட்காருபவருக்கு 'உடன்பறப்பாளர்' என்று பெயர். தளத்தில் இருந்தவர்கள் 'நடுங்கி' என்றார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கையை உயர்த்தினாள். "சார், அப்புறம் அந்த முயலு என்னாச்சுங்க?"

"எந்த முயல்?"

"கூடையில இருந்துச்சேங்க. அரசன் நெடுங்காலம் ஆண்டான்னீங்க. முயலும் நெடுங்காலம் நடுங்கிக்கிட்டே இருந்துச்சுங்களா?"

கூடத்தின் வாசலருகே சீருடையில் நின்றிருந்த ஒரு பெண்ணை டாக்டர் பார்த்தார்; பிறகு கேள்வி கேட்டவளிடம் திரும்பினார். "உங்க பேர் என்னம்மா?"

"கார்குழலிங்க. நாமக்கல்."

"கார்குழலி, அந்தக் கேள்வியை அவங்ககிட்டக் கேளுங்க. அவங்க ஜெசிந்தா மச்சாது. இன்னைக்கு நீங்க அவங்களோடதான் போறீங்க."

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. வயது முப்பத்து நான்கு. பின்னிருக்கையில் அவளைவிட அதிக காலம் இருந்தவர்கள் அந்தத் தளத்தில் இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் இருக்கையிலிருந்து இறக்கப்பட்டுவிட்டார்கள்.

இறக்குவதற்கு ஒரு முறை இருந்தது. விமானம் கிளம்புமுன் உடன்பறப்பாளர் தமக்காக வீட்டில் காத்திருக்கும் ஒருவரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லும்போது, அவரை இனிப் பார்க்காமலே போய்விடுவோமோ என்ற எண்ணம் நெஞ்சில் ஒரு கணம் தட்டும். அதைப் பட்டை பிடித்துக்கொள்ளும். எதிரே உள்ள அளவுகாட்டி வட்டத்தில் முள் உயரும். இருக்கையில் உயிருள்ள அச்சம் ஒன்று இருக்கிறது என்று சாரதி ஏற்றுக்கொள்ளும். நடுவானில் நெருக்கடி வந்து, ஆளின் மனம் அசையாமல் கிடந்தாலும், மறுபடி அந்தப் பெயரைச் சொல்வார்கள். முள் எழாத நாளில் ஆள் தரைக்கு வந்துவிட வேண்டும்.

விதியை எழுதியவர்கள் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. பெயர்கள் தேய்ந்தன. நாள்தோறும் சொல்லிச் சொல்லி, ஒரு பெயர் வெறும் ஓசையாகிவிடும். அப்போது உடன்பறப்பாளர்கள் அடுத்த பெயருக்குப் போனார்கள். ஜெசிந்தா முதலில் கணவன் ரெக்ஸின் பெயரைச் சொன்னாள். இரண்டு ஆண்டுகளில் அது தீர்ந்தது. ரெக்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதாகச் செய்தி வந்தபோது, அவள் தன் தட்டில் மீதமிருந்த இரண்டு இட்லியையும் சாப்பிட்டுவிட்டே எழுந்தாள். அதன்பின் தாயின் பெயர், சந்தன மரியாள். அதுவும் இப்போது அடிவண்டலுக்கு வந்திருந்தது.

"போன தடவை முள் பாதிகூட வரலை," என்றார் டாக்டர் நவநீதன், கூடம் கலைந்தபிறகு. அவர் கெட்ட மனிதர் அல்லர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். "அம்மா பேரு இன்னும் ரெண்டு மூணு தடவை வரும். அப்புறம் என்ன செய்யறதா இருக்கீங்க?"

"பாப்பம்."

"உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு."

"அது வேண்டாம் டாக்டர்."

"நான் சொல்லலை. எல்லாரும் செய்யறதைச் சொன்னேன்."

"அத எடுக்க மாட்டேன். அத வச்சிருக்கேன்."

மகளின் பெயர் அலோஷியா. அந்தப் பெயரை ஜெசிந்தா விமானத்தில் ஒருமுறையும் சொன்னதில்லை. வீட்டிலும் சொல்வதை நிறுத்தி நெடுநாளாயிற்று. சொன்னால் தேயும் என்று தெரிந்த ஒருத்தி வேறென்ன செய்வாள்? 'பாப்பா' என்றாள், 'ஏட்டி' என்றாள், சில நாள் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். எட்டு வயதுப் பிள்ளை ஒருநாள் தகப்பனிடம் போய், "அம்மைக்கு எம் பேரு மறந்துட்டாப்பா?" என்று கேட்டது. அடுத்த அறையில் இருந்த ஜெசிந்தாவுக்கு அது கேட்டது. தனக்குள் ஒரு பெயராவது முழுதாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அது ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆறுதல் எப்படி இருக்கும் என்பது அவளுக்குச் சரியாக நினைவில்லை.

விமானம் தயாராகும் வரை இருவரும் கொட்டகை நிழலில் நின்றார்கள். கார்குழலிக்குக் கொடுத்த தலைக்கவசம் பெரிதாக இருந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"விமானி ஆகோணும்னுதானுங்க சின்னதுலிருந்து ஆசை. இங்க வந்து பார்த்தா, கிளீனர் சீட்டு."

"என்னது?"

"எங்கப்பன் லாரி ஓட்டுனவருங்க. இப்ப லாரி தானா ஓடுது. அவரு பக்கத்துல உக்காந்து தூங்கறாரு. கேட்டா, 'நான் தூங்கறதுக்குத்தான் சம்பளம்'ங்கறாரு. நான் இங்க பயப்படறதுக்குச் சம்பளம் வாங்கோணுமாட்ட இருக்குதுங்க."

"உங்கப்பா வேல தேவல."

"ஏனுங்க்கா அப்படிச் சொல்றீங்க? சேரலாமா வேண்டாமான்னு உங்ககிட்டத்தான் கேக்கச் சொன்னாங்க."

ஜெசிந்தா இதற்குமுன் பலரிடம் சொன்னதையே சொன்னாள். "சேருததுக்கு முன்னால மூணு காரியம் பாத்துக்க. முதல் தடவ ஏறும்போது கீழ பாக்காத, தூரத்துல பாரு. வயித்தக் காயப்போடாத, மோர் சாதம் கொஞ்சம் சாப்பிட்டு ஏறு. வாந்தி வந்தா வெக்கப்படாத. இங்க வாந்தி எடுக்கவனுக்குத்தான் மரியாத."

"இது ஏறறதுக்கு. சேர்றதுக்குங்க?"

"சிக்னல் பிரிவு இருக்கு. பழுது பாக்கிற பிரிவு இருக்கு. அங்ஙன இருக்கவங்க நல்லாத் தூங்குதாங்க."

"நீங்க தூங்கறதில்லீங்களா?"

"நான் நல்லாத்தான் தூங்குதேன். அதான் பிரச்சன."

கார்குழலிக்கு அது புரியவில்லை. ஆனாலும் அவள் விடவில்லை. "முயல் என்னாச்சுங்க்கா?"

"இங்ஙனதான் நிக்குது," என்றாள் ஜெசிந்தா. கார்குழலி அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

பயிற்சிக்கான விமானத்தில் பின்னிருக்கைகள் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. இருவர் மணிக்கட்டிலும் பட்டை. இருவர் எதிரிலும் வட்டம். இரண்டு முட்களில் எது உயர்கிறதோ அதைச் சாரதி எடுத்துக்கொள்ளும். ஆள் பற்றாக்குறையால், வேடிக்கை காட்டும் பயணத்தையும் அன்றாடக் காவலோடு சேர்த்தே வைத்திருந்தார்கள்.

"பெயர்," என்றது சாரதி.

"சந்தன மரியாள்," என்றாள் ஜெசிந்தா. முள் லேசாக எழுந்து, சாரதி ஏற்கும் கீழ்க்கோட்டைத் தொட்டு நின்றது.

"சென்னியப்பன்," என்றாள் கார்குழலி. தகப்பன் பெயரைச் சொன்னதுமே அவள் குரல் சற்று உடைந்தது. முள் துள்ளி மேலே போனது. "அய்யோ, என்னங்க்கா இது," என்று வெட்கத்தோடு கேட்டாள்.

"நல்லதுதான். இரு."

விமானம் கிளம்பியது. கடற்கரை சாய்ந்து, சுருங்கி, ஒரு வெள்ளைக் கோடாயிற்று. கார்குழலி கண்களை இறுக மூடியிருந்தாள். மேகத்தைத் தாண்டியதும் திறந்தாள். அதன்பிறகு அவளை யாராலும் அடக்க முடியவில்லை. "அக்கா, அங்க பாருங்க, மேகத்துக்கு நெழல் விழுது. கடல்மேல நெழல் விழுதுங்க." அவளுடைய முள் மெல்ல இறங்கிக் கீழே படுத்தது. அச்சம் இருந்த இடம் முழுவதையும் மகிழ்ச்சி எடுத்துக்கொண்டது. சாரதிக்கு மகிழ்ச்சியைப் படிக்கத் தெரியாது. அச்சம் இல்லாத இடம் எதுவாயினும் அதற்குத் 'தடையில்லை' என்றுதான் பொருள்.

எல்லைக்கோட்டுக்கு அப்பாலிருந்து ஒரு படகு உள்ளே வந்திருந்தது. இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் வந்ததா, மீனைத் தொடர்ந்து வந்ததா, தெரியாது. 'எச்சரிக்கைத் தாழ்வு' என்று சாரதி அறிவித்தது. படகுக்கு மேலாகத் தாழப் பறந்து, அது திரும்பும்வரை ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் தாழ்வது அதன் முறை. முதல் சுற்றில் படகில் இருந்தவர்கள் கைகளை உயர்த்தினார்கள். இரண்டாம் சுற்றில் விமானத்தின் காற்று பட்டுப் படகு ஒருபுறம் சாய்ந்தது. அதில் இருந்த முதியவர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஒரு சோற்றுப் பானையைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, திருப்பலாமில்லீங்க? அவங்க நின்னுட்டாங்களே."

"நாம திருப்ப முடியாது."

"எப்ப திரும்பும்?"

"முள்ளு ஏறும்போது."

கார்குழலி தன் முள்ளைப் பார்த்தாள். அவள் மனம் இன்னும் மேகத்தில் இருந்தது. கீழே நடப்பது அவளுக்குக் கண்ணாடிக்கு அப்பால் நடக்கும் காட்சிபோல் தோன்றியதே தவிர, நெஞ்சைத் தொடவில்லை. புதிதாக ஏறுகிறவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. மூன்றாம் சுற்றுக்கு விமானம் சாய்ந்தது. இந்தமுறை எவ்வளவு தாழும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அந்தக் காற்றில் படகு கவிழும்.

"சந்தன மரியாள்," என்றாள்.

முள் அசையவில்லை.

"சந்தன மரியாள். ரெக்ஸ்."

கடல் நெருங்கிக்கொண்டிருந்தது. படகின் பலகையில் வண்ணத்தால் எழுதியிருந்தது தெரிந்தது. ஜெசிந்தா ஒருமுறை மூச்சை இழுத்தாள். வைத்திருந்ததை எடுத்தாள்.

"அலோஷியா."

முள் அப்படியே கிடந்தது.

வட்டம் பழுதோ என்று பார்ப்பவள்போல் அவள் சற்றுக் குனிந்து பார்த்தாள். மறுபடி சொன்னாள், இன்னும் தெளிவாக, பள்ளியில் வருகைக்குப் பெயர் கூப்பிடுவதுபோல. "அலோஷியா."

"யாருங்க்கா அது?" என்று கேட்டாள் கார்குழலி.

"எம் மக."

கார்குழலி அந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் அதிர்ச்சி இல்லை, அழுகை இல்லை, அழுகையை அடக்குவதும் இல்லை. தண்ணீர் இருக்கும் என்று நம்பிக் கிணற்றில் வாளியை இறக்கியவர், அது தரையில் மோதும் ஓசையைக் கேட்டு, சரி என்று கயிற்றைச் சுருட்டுவதுபோல் இருந்தது அந்த முகம்.

அப்போது கார்குழலியின் முள் எழுந்தது. கீழ்க்கோட்டைத் தாண்டி, மேல்கோட்டையும் தாண்டி, வட்டத்தின் விளிம்பில் போய் இடித்து நின்று நடுங்கியது. விமானம் மூக்கை உயர்த்தி விலகியது. படகின்மேல் அதன் நிழல் மட்டும் கடந்து போனது.

திரும்பி வரும் வழியில் கார்குழலி தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். ஜெசிந்தா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எப்படித் தடவ வேண்டும் என்பது அவள் கைக்கு நினைவிருந்தது.

"வச்சிருந்தேன் டாக்டர்," என்று பிற்பகலில் சொன்னாள் ஜெசிந்தா. "ஒரு நாளும் எடுக்கல. எடுக்காமலே போயிட்டு."

டாக்டர் நவநீதன் பேனாவைத் திறந்து, மூடினார். "பெயர் மட்டும் தனியாத் தேயறது இல்லம்மா. நாங்க அப்படித்தான் நெனச்சோம். தேயறது அதை எடுக்கற கை. எதை எடுத்தாலும் இனிமே..."

"சரி. இறக்கிருங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

"இன்னொரு விஷயம் இருக்கு." அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கார்குழலியோட முள் போன உயரத்துக்கு இதுவரைக்கும் யாரோடதும் போனதில்லை. படகைப் பார்த்து இல்லை. சாவுக்குப் பயந்தும் இல்லை. உங்களைப் பார்த்து. நாளைக்கு நாமளும் இப்படி ஆயிடுவோமோங்கற பயம். அதுக்கு ஈடா இன்னொரு பயம் இல்லைன்னு தோணுது." அவர் குரல் தாழ்ந்தது. "கேக்கறதுக்கே எனக்கு வெட்கமா இருக்கு."

"என்ன செய்யணும்?"

"காலையில ஒவ்வொரு விமானம் கிளம்பறதுக்கு முன்னாலயும் நீங்க எதிர்ல நிக்கணும். பட்டையைக் கட்டிக்கிட்டு, உங்க பொண்ணோட பேரைச் சொல்லணும். உங்க முள் அசையாது. அதைப் பின்னாடி உக்கார்றவங்க பார்க்கணும். அவ்வளவுதான்."

ஜெசிந்தா யோசித்தாள். "அப்பம் அவங்க வீட்டுப் பேரு எதையும் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்."

"யாருமே?"

"யாருமே."

"நிக்கேன்," என்றாள்.

அன்று மாலை கார்குழலி பேருந்துக்குப் போகாமல் அவளுக்காக வாசலில் நின்றிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். "டாக்டர் சொன்னாரு. இனிமே பேரு சொல்ல வேண்டாமுங்களாமே."

"ஆமா."

"அப்ப சேரட்டுங்களா?"

"சேராத. லாரியில போய் உங்கப்பாகூட உக்காரு."

"நான் இல்லாட்டி அந்தப் படகு என்னாயிருக்கும்ங்க்கா?"

அந்தப் பிள்ளை சேர்ந்துவிட்டாள். அறிவுரை கேட்பவர்கள் பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

அதன்பின் நாள்தோறும் காலையில் ஓடுபாதையின் ஓரம் ஜெசிந்தா நின்றாள். எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பெரிய வட்டத்தை அவளருகே நிறுத்தினார்கள். விமானத்துக்கு விமானம் நின்று, "அலோஷியா" என்று சொன்னாள். அவள் முள் கிடந்தது. பின்னிருக்கையில் இருப்பவர்களின் முள் எழுந்தது. விமானங்கள் கிளம்பின. அந்தப் பருவத்தில் கடலில் ஒரு படகும் கவிழவில்லை. தளத்தில் யாரும் தம் பிள்ளையின் பெயரையோ பெற்றவர்களின் பெயரையோ செலவழிக்கவில்லை. புதியவர்கள் அவளைக் கடந்து போகும்போது பேச்சைக் குறைத்தார்கள். கேன்டீனில் அவள் மேசைக்கு எதிரே யாரும் உட்காரவில்லை.

வீட்டில் மட்டும் ஒரு மாற்றம் வந்தது. இனிக் காக்க ஒன்றும் இல்லாததால், ஜெசிந்தா மகளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டாள். "அலோஷியா, சாப்பிட வா. அலோஷியா, தலை பின்னணும்." பிள்ளை முதல்நாள் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து, மூச்சு வாங்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு, வேண்டுமென்றே காது கேட்காததுபோல் இருந்து, இரண்டு மூன்று முறை கூப்பிட வைத்தது. ரெக்ஸ் தன் தம்பியிடம் தொலைபேசியில், "தரை வேலைக்கு வந்த பெறவு ஆளே மாறிட்டா" என்று மகிழ்ச்சியோடு சொன்னான். ஜெசிந்தா பிள்ளைக்குத் தலை பின்னினாள். இழுத்துப் பின்னினால் வலிக்கும் என்று கவனமாகப் பின்னினாள்.

கேன்டீனில் அவள் எதிரே உட்கார்ந்தவள் ஒருத்திதான். கார்குழலி தட்டை எடுத்துக்கொண்டு நேராக அங்கே வந்தாள். "ஏனுங்க்கா, சாம்பார்ல இன்னைக்கு முருங்கைக்காயத் தேடிப் பாருங்க. நானும் தேடறேன். யாரு மொதல்ல கண்டுபிடிக்கறாங்கன்னு பார்ப்போம்." தகப்பன் சென்னியப்பன் லாரியில் தூங்கிக்கொண்டே பெங்களூருக்குப் பதில் பெல்லாரிக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னாள். ஜெசிந்தா பதில் சொன்ன நாளும் உண்டு. சொல்லாத நாளும் உண்டு. கார்குழலிக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்தாள். அலோஷியாவுக்குக் கேரம் விளையாடக் கற்றுக்கொடுத்தாள். திரும்பும்போது, "அக்கா, நேரத்துக்குச் சாப்பிடுங்க. நீங்க இளைச்சுக்கிட்டே போறீங்க," என்று அதட்டிவிட்டுப் போனாள்.

மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்த ஒரு காலையில், ஜெசிந்தா வழக்கம்போல் நின்று, "அலோஷியா" என்றாள். பின்னிருக்கையிலிருந்து கார்குழலி அவளைப் பார்த்தாள். அவள் முகத்தில் லேசான சிரிப்பு வந்தது. சாப்பிட்டீர்களா என்று கையால் கேட்டாள்.

கார்குழலியின் முள் எழவில்லை.

டாக்டர் நவநீதன் பட்டையைச் சரிசெய்யச் சொன்னார். ஜெசிந்தாவை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். முள் எழவில்லை. ஒரு முகத்தோடு நாள்தோறும் சோறு தின்று பழகிவிட்டவர்களால் அந்த முகத்தைக் கண்டு நடுங்க முடிவதில்லை. டாக்டருக்கு அது அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

அவர் ஒலிவாங்கியில் தயங்கிச் சொன்னார். "கார்குழலி, ஒண்ணு இறங்கிடுங்க. இல்லேன்னா பழைய முறைப்படி... ஒரு பேர் சொல்லுங்க."

"இறங்கு," என்றாள் ஜெசிந்தா. அவளிடம் ஒலிவாங்கி இல்லை. ஆனாலும் சொன்னாள்.

கார்குழலி வீட்டுப் பெயரைச் செலவழிக்க மாட்டாள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அதைப்பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறாள். ஆகவே இறங்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே கார்குழலி நிமிர்ந்து ஓடுபாதையின் ஓரத்தைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"ஜெசிந்தா."

முள் துள்ளி எழுந்து, விளிம்பில் இடித்து நின்று நடுங்கியது. சாரதி ஏற்றுக்கொண்டது. விமானம் நகர்ந்தது, ஓடியது, எழுந்து கடலின்மேல் சிறுத்தது.

டாக்டர் நவநீதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எம் பேரு ரொம்ப நாளைக்கு வராது டாக்டர்," என்றாள் ஜெசிந்தா. "ரெக்ஸுக்கு ரெண்டு வருசம். அம்மைக்கு அதவிடக் கொறவு. அதுக்கு முந்தி அவள இறக்கிருங்க."

"அவங்க கேக்க மாட்டாங்களே."

"கேக்க மாட்டா."

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அன்றைய விமானங்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. பெரிய வட்டத்தை இரண்டு பேர் வந்து தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் மணிக்கட்டிலிருந்து பட்டையை டாக்டரே கழற்றினார்.

"நீங்க வீட்டுக்குப் போகலாமேம்மா. உங்க வேலை முடிஞ்சுது."

"முடிஞ்சிட்டு," என்றாள் ஜெசிந்தா.

விமானம் திரும்பிவர மதியம் தாண்டும். அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"ஏதாவது தோணுதா?" என்று டாக்டர் மெல்லக் கேட்டார்.

அவள் சற்று நேரம் தனக்குள் பார்த்தாள். "இல்ல," என்றாள். பிறகு, வெயிலுக்குக் கையை நெற்றிமேல் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தாள். "வரட்டும். வந்த பெறவு போறேன்."